கரீபியன் எம்.டி. சீட்: கணக்குப் பார்க்கிறவனின் விமர்சனம்

ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம். முழுக்கப் படிக்க நேரமில்லாத பெற்றோருக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இரண்டரை என்பது சராசரிதான். சில பிள்ளைகளுக்கு இது நாலு நட்சத்திரம், சிலருக்கு சைபர்.

நான் டாக்டர் இல்லை. நியூஜெர்சியில் கம்பெனிகளின் கணக்குகளைத் தணிக்கை செய்கிறவன். அக்கா மகளுக்கு முதல் சுற்றில் அமெரிக்காவில் எங்கேயும் மெடிக்கல் சீட் கிடைக்கவில்லை. மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டில் மதிப்பெண் 503. இங்குள்ள எம்.டி. கல்லூரிகளில் (இங்கே டாக்டருக்கான அடிப்படைப் பட்டமே எம்.டி.தான்) சேர்கிறவர்களின் சராசரி 511க்கு மேல். அந்த வாரமே கரீபியன் தீவுகளில் இருக்கும் மருத்துவக் கல்லூரிகளின் மின்னஞ்சல்கள் வர ஆரம்பித்துவிட்டன. "தம்பி, நீதானே நம்பர் பார்க்கிறவன், இதைக் கொஞ்சம் பாருடா" என்று அக்கா ஒரு கட்டு பிரோஷரைக் கையில் திணித்தாள். ஆகவே இது ஒரு மாமா எழுதும் விமர்சனம். பாப்பாவுக்கு இருபத்து மூன்று வயதாகிறது, வீட்டில் இன்னும் பாப்பாதான்.

லாபத்துக்காக மருத்துவக் கல்லூரி நடத்துவது அமெரிக்காவில் ஒரு காலத்தில் சாதாரணம். 1910இல் வந்த ஃப்ளெக்ஸ்னர் அறிக்கை அவற்றின் லட்சணத்தைப் புட்டுப்புட்டு வைத்தது. அதற்குப் பிறகு அந்த ரகம் ஒவ்வொன்றாக மூடப்பட்டது. எழுபதுகளின் கடைசியில் அதே சரக்கு கடல் தாண்டித் திரும்பி வந்தது. கிரெனடாவில் செயின்ட் ஜார்ஜஸ் 1976இல் தொடங்கப்பட்டது. டொமினிக்காவில் ராஸும் மான்ட்செராட்டில் ஏ.யூ.சி. எனும் அமெரிக்கன் யுனிவர்சிட்டி ஆஃப் தி கரீபியனும் 1978இல் வந்தன. சேபா தொண்ணூறுகளில் வந்தது. இங்கே சீட் கிடைக்காத அமெரிக்கப் பிள்ளைகள்தான் இவற்றின் முக்கிய வாடிக்கையாளர்கள். முதல் இரண்டு வருடம் தீவில் பாடம், அடுத்த இரண்டு வருடம் அமெரிக்க மருத்துவமனைகளில் பயிற்சி, அப்புறம் மருத்துவமனை இடங்களை ஒதுக்கும் 'மேட்ச்' மூலம் ரெசிடென்சி எனும் மேற்பயிற்சி. இதுதான் விற்கப்படும் பொருள்.

இந்தக் கல்லூரிகளில் ஒன்று நடத்திய அறிமுகக் கூட்டத்துக்குப் பாப்பாவுடன் போயிருந்தேன். பெயர் வேண்டாம். நெவர்க் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல். கூட்டத்தில் பாதிப் பேர் நம் ஊர் முகங்கள். குஜராத்தி, தெலுங்கு, தமிழ் எல்லாம் காதில் விழுந்தது. சாப்பாடு நன்றாகவே போட்டார்கள். பேசிய முன்னாள் மாணவர் உண்மையிலேயே நல்ல டாக்டர், நல்ல மனிதர், கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். குறை அவரிடம் இல்லை. திரையில் ஒரு ஸ்லைடு வந்தது. ரெசிடென்சி கிடைத்தவர்கள் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. எண்ணுக்கு மேலே ஒரு சின்ன நட்சத்திரக் குறி. அந்தக் குறியின் விளக்கம் ஸ்லைடின் அடியில், வெளிர்சாம்பல் நிறத்தில், சுண்டெலிக்கு மட்டும் தெரியும் அளவில் இருந்தது. பழக்க தோஷம், எழுந்து முன்னால் போய் படித்தேன். "அந்த ஆண்டு ரெசிடென்சிக்கு விண்ணப்பித்தவர்களில்" என்று இருந்தது.

விண்ணப்பித்தவர்களில். சேர்ந்தவர்களில் இல்லை.

என் தொழிலில் சதவீதம் எதைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, கீழே எந்த எண்ணால் வகுத்தார்கள் என்றுதான். முதல் செமஸ்டரில் சேர்ந்தவர் எத்தனை பேர், அவர்களில் குறித்த காலத்தில் பட்டம் வாங்கியவர் எத்தனை பேர், அவர்களில் ரெசிடென்சியில் உட்கார்ந்தவர் எத்தனை பேர் என்ற வரிசையில் கேட்டால் ஸ்லைடு வேறு மாதிரி இருந்திருக்கும். நான் கேட்டேன். "அந்த விவரம் மின்னஞ்சலில் அனுப்புகிறோம்" என்றார்கள். மின்னஞ்சல் வந்தது. அதே ஸ்லைடு, பி.டி.எஃப். வடிவத்தில்.

பாப்பா காரில் வரும்போது கேட்டாள்: "மாமா, அவங்க பொய் சொல்லலையே?"

பொய் இல்லை, அதுதான் சிக்கல். இந்தத் துறையில் பொய்யே சொன்னவர்களும் உண்டு. செயின்ட் ஜேம்ஸ் என்ற கரீபியன் கல்லூரி மேல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2022 ஏப்ரலில் நடவடிக்கை எடுத்தது. மருத்துவ உரிமத்துக்கான யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வுகளில் முதலாவதான ஸ்டெப் 1இல் முதல் முயற்சியிலேயே 96.77 சதவீதம் பேர் தேறுகிறார்கள் என்று அந்தக் கல்லூரி சொல்லிக்கொண்டிருந்தது. தேர்வுக்குத் தேவையான பாடங்களை முடித்தவர்களில் தேறியவர்கள் 35 சதவீதம்தான் என்றது ஆணையம். ரெசிடென்சி கிடைப்பது 83 சதவீதம் என்பதும் உண்மையில் 63 என்று வந்தது. 12 லட்சம் டாலருக்குத் தீர்ப்பு. இது ஓரத்தில் இருக்கும் கல்லூரி, பெரிய கல்லூரிகள் இப்படிச் செய்வதில்லை. அவர்களுக்கு அந்த அவசியமும் இல்லை. நட்சத்திரக் குறி போதும்.

அந்த உயர்ந்த தேர்ச்சி விகிதம் எப்படி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றின் மாணவர்களுக்கு அமெரிக்க அரசின் கல்விக் கடன் கிடைக்க வேண்டுமானால், அதன் மாணவர்களில் தேர்வு எழுதுகிறவர்களில் 75 சதவீதம் பேராவது யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வுகளில் தேற வேண்டும் என்று விதி. நல்ல விதிதான். ஆனால் இந்த விதியைச் சமாளிக்க இரண்டு வழி உண்டு. எல்லாரையும் நன்றாகப் படிக்க வைக்கலாம். அல்லது தேறமாட்டார்கள் என்று தோன்றுகிறவர்களைத் தேர்வு எழுதவே விடாமல் நிறுத்திவைக்கலாம். பல தீவுக் கல்லூரிகளில் 'காம்ப்' என்று பிள்ளைகள் சொல்கிற ஒரு முழுப்பாடத் தேர்வு இருக்கிறது. அதில் குறிப்பிட்ட மதிப்பெண் வாங்கினால்தான் ஸ்டெப் 1 எழுத அனுமதி. வாங்காதவர் திரும்பத் திரும்ப எழுதலாம், செமஸ்டரைத் திரும்பப் படிக்கலாம், அதற்கும் பணம் கட்டலாம், கடைசியில் வெளியேறலாம். அவர்கள் ஸ்டெப் 1இல் தோற்றவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்காததால் அந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். அவர்கள் பெயர் இருக்கிற ஒரே இடம் கடன் கொடுத்தவனின் பேரேடு.

அமெரிக்கக் கல்லூரியில் ஒரு வகுப்பில் பத்து சதவீதம் பேர் வெளியேறினாலே அங்கீகாரம் கொடுக்கிற அமைப்பு கேள்வி கேட்கும். தீவில் வருடத்துக்கு மூன்று முறை அட்மிஷன். ஜனவரியில் சேர்ந்தவர்களில் குறைந்த இடத்தை மே மாதத்துப் பிள்ளைகள் நிரப்பிவிடுவார்கள். என் வீட்டு டாக்டர் தீவில் படித்தவர்தான், நான் அவரைவிட்டு வேறு யாரிடமும் போகமாட்டேன். அவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். "முதல் செமஸ்டர்ல என் வரிசையில உட்கார்ந்தவங்கள்ல பட்டமளிப்புக்கு வந்தது நான் மட்டும்தான் சார்" என்றார். ஒருவர் அனுபவம், புள்ளிவிவரம் ஆகாது. ஆனால் முழுப் புள்ளிவிவரம் தரவேண்டியவர்கள் தராதபோது காதில் விழுவதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கல்லூரி சொல்லும் எண்ணை விட்டுவிட்டு, மேட்ச் நடத்துகிற என்.ஆர்.எம்.பி. வெளியிடும் எண்ணைப் பாருங்கள். 2024 மேட்சில் அமெரிக்க எம்.டி. கல்லூரிகளின் கடைசி வருட மாணவர்களில் 93.5 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. டி.ஓ. என்ற, எம்.டி.க்கு இணையான மருத்துவப் பட்டம் தரும் ஆஸ்டியோபதிக் கல்லூரிகளின் கடைசி வருட மாணவர்களுக்கு 92.3. வெளிநாட்டில் படித்த அமெரிக்கக் குடிமக்களுக்கு 67. இந்த 67இல் கரீபியன் மட்டுமல்ல, இந்தியா, போலந்து, அயர்லாந்து எல்லாம் சேர்த்தி, முந்தைய வருடங்களில் கிடைக்காமல் மறுபடி முயல்கிறவர்களும் சேர்த்தி. பெரிய கல்லூரிகள் இந்தச் சராசரியைவிட மேலேதான் இருக்கும். இருந்தாலும், படிப்பை முடித்து, தேர்வு தேறி, விண்ணப்பித்தும் மூவரில் ஒருவர் வெளியே நிற்கிறார். ரெசிடென்சி இல்லாத எம்.டி. பட்டத்தை வைத்து இந்த நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் நோயாளியைத் தொட முடியாது.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. 2022 ஜனவரி வரை ஸ்டெப் 1க்கு மூன்று இலக்க மதிப்பெண் இருந்தது. தீவில் படித்த பிள்ளை 245 வாங்கிவிட்டால் "கல்லூரி எதுவாயிருந்தால் என்ன, பையன் கெட்டிக்காரன்" என்று ரெசிடென்சி இயக்குநர் நினைக்க வழி இருந்தது. இப்போது பாஸ், ஃபெயில் மட்டும்தான். தன்னை நிரூபிக்க அடுத்த கட்டத் தேர்வான ஸ்டெப் 2 ஒன்றே பாக்கி. பிரோஷர்களில் சிரிக்கிற முன்னாள் மாணவர்களில் பலர் பழைய ஏற்பாட்டில் வென்றவர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

விலைக்கு வருவோம். பெரிய கல்லூரிகளில் கல்விக் கட்டணம் மட்டுமே இரண்டரை லட்சம் டாலரைத் தாண்டும். வாடகை, சாப்பாடு, விமான டிக்கெட், தேர்வுக் கட்டணம், பயிற்சிக்காக ஊர் ஊராக மாறுவது எல்லாம் சேர்த்து நான் போட்ட கணக்கில் நாலு லட்சத்தை நெருங்கியது. இதுவரை கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன் முழுச் செலவையும் தாங்கியது. 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு அது இல்லை. மருத்துவம் மாதிரியான தொழிற்படிப்புகளுக்கு வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் வரைதான் அரசுக் கடன். மீதியைத் தனியார் வங்கியில் வாங்க வேண்டும், பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். ஆக, பிள்ளை மூன்றாவது செமஸ்டரில் வெளியேறினால் அந்தச் சுமை அப்பா அம்மாவின் ஓய்வூதியச் சேமிப்புக்கு வந்து நிற்கும். இதைச் சொன்னதும்தான் அத்தான் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை "நம்ம ஊர்ல மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கோடிக்கணக்கில கொடுக்கலையா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் கோடி கொடுத்தாலும் சேர்ந்த பிள்ளை பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். முடித்துவிடும். இங்கே கொடுக்கிற பணம் முயற்சி செய்வதற்கான அனுமதிக்கு மட்டும்தான்.

ராஸும் ஏ.யூ.சி.யும் அட்டலம் என்ற ஒரே கம்பெனியின் சொத்துகள். பழைய பெயர் டிவ்ரை. நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி என்பதால் ஆண்டறிக்கை எல்லாருக்கும் கிடைக்கும். பிரோஷருக்குப் பதில் அதைப் படிக்கச் சொல்வேன். மருத்துவம், கால்நடை மருத்துவம் சேர்ந்த பிரிவின் வருடாந்தர வருமானம் 30 கோடி டாலருக்கு மேல். எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பது ஒவ்வொரு பருவத்துக்கும் இருக்கிறது. ஆபத்துகள் என்ற பகுதியில் கடன் விதி மாறினால் என்ன ஆகும், புயல் அடித்தால் என்ன ஆகும் என்றெல்லாம் முதலீட்டாளருக்கு விலாவாரியாக எழுதியிருக்கிறார்கள். ஹோட்டல் கூட்டத்தில் பெற்றோருக்குச் சொல்லாததெல்லாம் அதில் இருக்கிறது, ஏனென்றால் முதலீட்டாளரிடம் மறைத்தால் ஜெயில். செயின்ட் ஜார்ஜஸ் தனியார் முதலீட்டு நிறுவனங்களின் கையில் இருக்கிறது. 2014இல் 75 கோடி டாலர் போட்டு உள்ளே வந்தார்கள்.

புயல் என்றதும் சிரிக்காதீர்கள். 2017 செப்டம்பரில் இர்மாவும் மரியாவும் அடுத்தடுத்து அடித்தன. ஏ.யூ.சி. மாணவர்கள் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகருக்குப் போய்ப் படித்தார்கள். ராஸ் செயின்ட் கிட்ஸ் துறைமுகத்தில் ஒரு கப்பலை நிறுத்தி அதில் வகுப்பு நடத்தியது, அப்புறம் டென்னசியின் நாக்ஸ்வில், 2019இல் பார்படோஸ். கிரெனடாவில் 1983இல் அமெரிக்க ராணுவமே இறங்கியது, மாணவர் பாதுகாப்பு என்று காரணம் சொல்லி. இவற்றையெல்லாம் தாண்டிக் கல்லூரிகள் நின்றிருக்கின்றன, அதற்குப் பாராட்டு உண்டு.

நட்சத்திரம் கொடுக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது: மருத்துவமனைப் பயிற்சி. இந்தியாவிலோ கிழக்கு ஐரோப்பாவிலோ படித்துவிட்டு வருகிறவர்களுக்கு அமெரிக்க டாக்டரின் சிபாரிசுக் கடிதம் கிடைப்பது குதிரைக் கொம்பு. தீவுக் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு வருடம் இங்கேயே வார்டுகளில் நடக்கிறார்கள். அதைப் பணம் கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். நியூயார்க் நகரத்தின் 11 அரசு மருத்துவமனைகளில் பயிற்சி இடங்களுக்காக செயின்ட் ஜார்ஜஸ் பத்து வருடத்துக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது 2008இல் பெரிய செய்தி. நியூயார்க்கின் உள்ளூர்க் கல்லூரிகள் கொதித்தன. எனக்கென்னவோ, கட்டணத்தில் ஒரு பகுதி உருப்படியான காரியத்துக்குப் போகிறது என்றுதான் பட்டது. விண்ணப்பிக்குமுன், இப்படி ஒப்பந்தமுள்ள மருத்துவமனைகளின் பெயர்ப் பட்டியலையும், எந்தப் பயிற்சி எங்கே என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பட்டியல் தராத கல்லூரியோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

லாபம் என்ற சொல்லையே கெட்ட வார்த்தையாக நினைக்கவேண்டியதில்லை. அமெரிக்காவுக்குள்ளேயே லாப நோக்குக் கல்லூரிகள் மறுபடி வந்துவிட்டன. கொலராடோவின் பார்க்கர் நகரத்தில் ராக்கி விஸ்டா 2008இல் திறந்தது. தொடங்கியவர் யைஃப் டியன், ஏ.யூ.சி.யைத் தொடங்கியவரின் மகன். நியூமெக்சிகோவின் லாஸ் க்ரூசஸில் பரெல் 2016இல் வந்தது, ஐடஹோவில் ஒன்று 2018இல். மூன்றும் டி.ஓ. பட்டம் தருகிறவை. அங்கீகார அமைப்பு வகுப்பின் அளவுக்கு வரம்பு வைக்கிறது, மேட்ச் விவரத்தை வெளியிடச் சொல்கிறது. முக்கியமாக, அங்கே படித்தவர் வெளிநாட்டுப் பட்டதாரி ஆகமாட்டார், அந்த 92 சதவீதக் கூட்டத்தில் நிற்பார். கலிஃபோர்னியாவின் நார்த்ஸ்டேட் 2015இல் வந்தது, எம்.டி. தருகிறது. ஆனால் பல வருடங்கள் அதன் மாணவர்களுக்கு அரசுக் கடன் கிடையாது, தனியார் கடன்தான். முதலாளி லாபம் எடுப்பது எல்லா இடத்திலும் ஒன்றுதான். பிள்ளை தோற்றால் கல்லூரிக்கும் வலிக்கிறதா என்பதில்தான் பார்க்கருக்கும் பார்படோசுக்கும் வித்தியாசம்.

நாலு நட்சத்திரம் யாருக்கு? டி.ஓ. கல்லூரிகளையும் சேர்த்து இரண்டு சுற்று ஒழுங்காக விண்ணப்பித்துப் பார்த்தவர், மதிப்பெண் குறைந்ததற்கு உடல்நலம், குடும்பம் மாதிரி ஒரு தெளிவான காரணம் இருந்து அது இப்போது சரியாகிவிட்டவர், தனியாக உட்கார்ந்து பத்து மணி நேரம் படிக்கிற பழக்கம் உள்ளவர், உள்மருத்துவமோ குடும்ப மருத்துவமோ போதும் என்கிறவர். இன்னொரு கூட்டமும் உண்டு. எச்1பி விசாவில் வந்து கிரீன் கார்டு வரிசையில் நிற்கிற நம் குடும்பங்களின் பிள்ளைகள். இங்கேயே வளர்ந்தவர்கள், ஆனால் பெரும்பாலான அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்கின்றன. அவர்களுக்குத் தீவு ஒரு நிஜமான வாசல். அரசுக் கடன் மட்டும் கிடைக்காது, ரெசிடென்சிக்கு விசா கொடுக்கிற மருத்துவமனையையும் தேட வேண்டும்.

சைபர் யாருக்கு? எம்கேட்டே எழுதாமல் "சீக்கிரம் டாக்டராகிவிடலாம்" என்று போகிறவர்களுக்கு. எலும்பு, தோல் மருத்துவம் என்று கனவு காண்கிறவர்களுக்கும் கிட்டத்தட்ட அதுதான்.

வாடிக்கையாளர் சேவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாங்கள் பார்த்த கல்லூரியின் அட்மிஷன் ஆலோசகர் மிகவும் கனிவானவர். அளவுக்கு மீறிய கனிவு. விண்ணப்பத்தை முடிக்குமுன்பே "உனக்கு உதவித்தொகை கிடைக்க வாய்ப்பு இருக்கு, ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள சீட் டெபாசிட் கட்டணும்" என்றார். வெள்ளி போய்த் திங்கள் வந்ததும் அதே உதவித்தொகை, புதுக் கடைசித் தேதியோடு வந்தது. கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கேட்கிறவர்கள்கூட இவ்வளவு அவசரப்படுத்தமாட்டார்கள் என்றாள் அக்கா.

பாப்பா இந்த முறை டி.ஓ. கல்லூரிகளுக்குத்தான் விண்ணப்பிக்கிறாள். அங்கே சேர்கிறவர்களின் சராசரி எம்கேட் 504 பக்கம், இவள் 503. பட்டியலில் பார்க்கரும் லாஸ் க்ரூசஸும் இருக்கின்றன. தீவுகளில் ஒன்றே ஒன்றை அடுத்த சுற்றுக்கென்று மனதில் வைத்திருக்கிறாள், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுக்குக் குழந்தைகள் மருத்துவம்தான் ஆசை, அந்த வழியிலும் அது எட்டக்கூடியதுதான். டி.ஓ. விண்ணப்பத்துக்கு ஒரு டி.ஓ. மருத்துவரின் கடிதம் இருந்தால் நல்லது என்கிறார்கள். அக்கா இப்போது எடிசன் பக்கம் எந்த கிளினிக்கில் டி.ஓ. இருக்கிறார் என்று பெயர்ப்பலகை பெயர்ப்பலகையாகப் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறாள்.